ரவுட்டரை மாற்றும் முன் ஒரு கேபிளைச் செருகிப் பாருங்கள்

கேள்வி: புது வைஃபை ரவுட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நெட் அறுந்துவிடுகிறது. உள்ளறைக்குப் போனால் வேகம் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. இணைப்பு நிறுவனத்தைக் கேட்டால் லைன் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். இதே மாடலை வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் பாதிப் பேர் ஐந்து நட்சத்திரமும் பாதிப் பேர் ஒற்றை நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார்கள். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடிய வேறொன்று வாங்கலாமா?

பதில்:

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. இணைப்பு அறுவது ஒன்று, உள்ளறையில் வேகம் குறைவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை.

வெளியிலிருந்து உங்கள் மடிக்கணினி வரை இணையம் நான்கு கட்டங்களைத் தாண்டி வருகிறது. மோடம் வரைக்குமான லைன், அடுத்து ரவுட்டரும் அதன் அடாப்டரும், பிறகு நடுவில் உள்ள காற்று, கடைசியாகக் கணினிக்குள் இருக்கும் வைஃபை கார்டு. நான்கில் எது கெட்டாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்காது. 'அடிக்கடி கட் ஆகிறது' என்று எழுதுகிறவருக்குத் தன் வீட்டில் எந்தக் கட்டம் கெட்டது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஒரே பெட்டிக்கு ஐந்தும் ஒன்றும் மாறி மாறி விழுவதற்கு முக்கியக் காரணம் இதுவே. லைன் கெட்டவரும் ரவுட்டரைத் திட்டுகிறார், மடிக்கணினி கார்டு கெட்டவரும் ரவுட்டரைத் திட்டுகிறார்.

எனவே முதல் வேலை எந்தக் கட்டம் என்று பிரித்தறிவது. அதற்கு ஒரு நல்ல லேன் கேபிளும் லேன் போர்ட் உள்ள ஒரு கணினியும் போதும். கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளை நேரே மோடம் அல்லது ஃபைபர் பெட்டியில் செருகி வேகம் பாருங்கள். (பெட்டி பிரிட்ஜ் மோடில், அதாவது தானே ரவுட்டராக இயங்காமல் லைனை மட்டும் கடத்தும் நிலையில் இருந்தால், இணைப்பு நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கணினியிலேயே போட்டு டயல் செய்ய வேண்டியிருக்கும்.) அடுத்து கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மூன்றாவதாகக் கேபிளை எடுத்துவிட்டு, ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து வைஃபையில். நான்காவதாக உள்ளறையில். ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்து, நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை நெரிசல் நேரத்தில் ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை என்று இரண்டு தடவை இதைச் செய்வது நல்லது. முதல் எண்ணே குறைந்தால் லைன். இரண்டாவதில் சரிந்தால் ரவுட்டர். மூன்றாவதில் சரிந்தால் ரவுட்டரின் வைஃபை அமைப்பு அல்லது கணினியின் கார்டு. நான்காவதில் மட்டும் சரிந்தால் சுவரும் தூரமும்தான் காரணம், எந்த நிறுவனத்தின் பெட்டியை வைத்தாலும் அதே கதைதான்.

இந்தச் சோதனையில் ஒரு எண்ணைக் கவனியுங்கள். 300 மெகாபிட் திட்டத்துக்குக் கேபிளில் 93, 94, 95 என்று மட்டும் வந்து, அதைத் தாண்டாமல் நின்றால், இணைப்பு 100 மெகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். லேன் கேபிளில் எட்டு ஒயர்கள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். ஒரு ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை (அழுத்திப் பொருத்தப்படவில்லை) என்றாலோ, மேசைக் காலுக்கடியில் நசுங்கி அறுந்திருந்தாலோ, இரு முனையும் தாங்களாகவே பேசி 100-க்கு இறங்கிக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கேபிளை மாற்றிப் பாருங்கள். உறையில் கேட் 5இ அல்லது அதற்கு மேல் என்று அச்சாகியிருக்க வேண்டும், உள்ளே முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள்கள் வளைத்து வளைத்துப் பயன்படுத்தினால் உள்ளேயே ஒடிந்துவிடுகின்றன. கேபிள் மாற்றியும் 94 என்றால், ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் வகையா என்று விவரக்குறிப்பில் பாருங்கள். அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சிட்டு, பின்னால் 100 மெகாபிட் போர்ட் வைத்த ரவுட்டர்கள் சந்தையில் நிறைய உண்டு. அந்தப் பெட்டியின் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் இணையம் 94-க்கு மேல் வராது.

இனி இணைப்பு அறுவதைப் பார்ப்போம். அறுவது எது என்று கண்டுபிடிக்க, கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து இரண்டு பிங்குகளை (ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) நிற்காமல் ஓடவிடுங்கள். ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கணினியின் நெட்வொர்க் விவரத்தில் டிஃபால்ட் கேட்வே என்று இருக்கும்). இன்னொன்று வெளியே உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கு. நெட் அறும் அந்த நிமிடத்தில் இரண்டையும் பாருங்கள். ரவுட்டருக்கான பிங்கும் நின்றுபோனால் கோளாறு வீட்டுக்குள்: காற்று, கார்டு, அல்லது ரவுட்டரே விழுந்துவிட்டது. ரவுட்டர் பதில் சொல்கிறது, வெளிமுகவரி மட்டும் நின்றது என்றால் லைன் பக்கம். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கங்கள் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவைதான் தடுமாறுகிறது. ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1, 8.8.8.8 ஆகியவற்றைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், அது ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பெற முடியாமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

கூடவே ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அப்டைம் (ரவுட்டர் கடைசியாக எழுந்ததிலிருந்து ஓடிய நேரம்) என்ற வரியைப் பாருங்கள். அதிகம் பேர் பார்க்காத இந்த ஒரு வரி, பாதி விவாதத்தை முடித்துவைக்கும். நெட் அறுந்து வந்த பிறகு அப்டைம் இரண்டு நிமிடம் என்று காட்டினால் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. அப்டைம் இருபது நாள் என்று இருக்க, வெளி இணைப்பின் நேரம் மட்டும் இரண்டு நிமிடம் என்றால் லைன் விழுந்து எழுந்திருக்கிறது. இரண்டுமே பல நாள் என்று காட்டினால் வைஃபை பக்கம் போய்த் தேட வேண்டும்.

ரவுட்டர் தானாக அணைந்து எழுகிறது என்றால், பெட்டியைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். வீட்டு ரவுட்டரில் முதலில் சாகும் பாகம் பெரும்பாலும் அதுதான். அடாப்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்துபோகின்றன. சும்மா இருக்கும்போது மின்சாரம் போதுமானதாக இருக்கும். நாலு பேர் ஒரே சமயத்தில் வீடியோ பார்க்க, வைஃபை முழு வீச்சில் ஒலிபரப்பத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்து ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். இதை மல்டிமீட்டரால் பிடிப்பது கடினம். கழற்றி அளந்தால் கெட்ட அடாப்டரும் சரியாக 12 வோல்ட் காட்டும், சுமை ஏறும்போதுதான் இறங்கும். நல்ல அடாப்டர் ஒன்றைப் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. மாற்று அடாப்டரில் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக்கூடாது. 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் தாராளமாகப் போடலாம், 1 ஆம்பியர் போடக்கூடாது. நடு ஊசி பாசிட்டிவா என்று ஸ்டிக்கரில் உள்ள வட்டப் படத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள். பிளக்கின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராக இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவில் வருகிறது. 2.5 துளையுள்ள பிளக் 2.1 ஊசியில் நுழையும், ஆனால் ஆடும். யாராவது மேசையைத் தட்டினால் நெட் போகிறது என்பதற்கு இது ஒரு காரணம். மின்தடைக்காகச் சிறிய யுபிஎஸ் ஒன்றை இடையில் வைத்திருந்தால், சோதனை முடியும் வரை அதைக் கழற்றிவிடுங்கள்.

சூடும் இதே விளைவைத் தரும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 40 டிகிரி வரையிலான சுற்றுச்சூழலுக்கு வடிவமைக்கப்பட்டவை. மூடிய அலமாரிக்குள், மோடத்தின் தலைமேல், அடிப்பக்கக் காற்றுத் துளைகள் மெத்தைத் துணியில் பதியும்படி வைத்தால் அந்த எல்லையைத் தாண்டுவது சுலபம்.

லைன் பக்கம் என்று தெரிந்தால், 'சரியாக இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், எண் கேளுங்கள். ஃபைபர் இணைப்பில் உங்கள் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவை டிபிஎம் என்ற வலு அலகில் சொல்வார்கள், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வலு குறைவு. பல பெட்டிகளின் நிர்வாகப் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். ஜிபான் என்ற வழக்கமான வீட்டு ஃபைபர் இணைப்பில் அது -8-க்கும் -27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். -27-ஐ ஒட்டி நின்றால், பகலில் ஓடி இரவில் விழுவது, மழைக்குப் பின் விழுவது என்று ஒழுங்கில்லாமல் அறும். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால், 'எங்கள் பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது' என்ற பதிலோடு பேச்சு முடியாது. வீட்டுக்குள் நீங்கள் பார்க்க வேண்டியது, ஃபைபர் ஒயர் சுவர் மூலையில் கூர்மையாக மடிந்திருக்கிறதா என்பதை. ஒளி மடிப்பில் கசிந்துவிடும். பச்சை முனையும் நீல முனையும் ஒன்றல்ல. பச்சையின் முகம் சாய்வாக அறுக்கப்பட்டது, ஒன்றில் ஒன்றைச் செருகினால் ஒளி வெகுவாக இழப்பாகும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைத் தாக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு பொதுச் சிக்கலையும் சொல்ல வேண்டும். இணைப்பு நிறுவனம் தரும் பெட்டி பெரும்பாலும் வெறும் மோடம் அல்ல, அதற்குள்ளேயே ஒரு ரவுட்டரும் வைஃபையும் இருக்கின்றன. அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டினால் இரண்டு ரவுட்டர் வரிசையாக நிற்கின்றன. இரண்டும் 192.168.1 என்ற ஒரே முகவரி வரிசையைப் பயன்படுத்தினால் குழப்பம் நிச்சயம். வேறு வேறாக இருந்தாலும் விளையாட்டுகள், கேமராக்கள், வெளியிலிருந்து வீட்டுக் கணினியைத் தொடுவது எல்லாம் தடுமாறும். உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் இந்த நிலைதான். 100.64 முதல் 100.127 வரை என்றால் இணைப்பு நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அதை வீட்டில் மாற்ற முடியாது. இரட்டை ரவுட்டருக்குத் தீர்வு இரண்டு. முதல் பெட்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் உங்கள் ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் மோடில் (வைஃபை மட்டும் தந்து, ரவுட்டர் வேலையை முதல் பெட்டிக்கே விடும் நிலை) வையுங்கள். எப்படியானாலும் முதல் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒரு முழ தூரத்தில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தால் ஒன்றையொன்று மூழ்கடிக்கும்.

இப்போது காற்று. உள்ளறையில் வேகம் குறைவதற்கான காரணம் ஏறக்குறைய எப்போதும் இங்கேதான்.

கைபேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் சிக்னலை டிபிஎம்மில் பாருங்கள். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினாலே எண் வந்துவிடும். திரையில் தெரியும் மூன்று வளைவுக் கோடுகளை நம்ப வேண்டாம், அவை எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. -50-ஐ ஒட்டி இருந்தால் மிக நன்று. -67 வரை வீடியோ அழைப்பு தடங்கலின்றி ஓடும். -70-ஐத் தாண்டினால் வேகம் சரிகிறது, -80-இல் இணைப்பு இருந்தும் பயனில்லை. இந்த அளவு மடங்கில் ஏறி இறங்குவது: 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ஒரு கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் 10, 15 டெசிபலைச் சுலபமாக விழுங்கிவிடும். இரண்டு சுவர் என்றால் எவ்வளவு விலையுள்ள ரவுட்டரும் கையைப் பிசைய வேண்டியதுதான், ஏனென்றால் ஒலிபரப்புச் சக்திக்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரவுட்டர் சத்தமாகப் பேசினாலும் உங்கள் கைபேசி சின்னக் குரலில்தான் பதில் சொல்ல முடியும்.

ஆகவே முதல் மருந்து இடமாற்றம். ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலை உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். லைன் நுழையும் மூலையிலேயே அது கிடக்க வேண்டியதில்லை. மோடத்தை அங்கே விட்டுவிட்டு, ரவுட்டருக்கு மட்டும் 10, 15 மீட்டர் லேன் கேபிள் இழுக்கலாம். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட்டைச் சுமக்கும். ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவே மனதால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டில் இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி எது வந்தாலும் அது ஒரு சுவருக்குச் சமம். கோடு சுவரைச் சாய்வாகக் கடந்தால் அலை அந்தச் சுவரின் தடிமனைவிட அதிக தூரம் கல்லுக்குள் போகிறது. நேராகக் கடக்கும்படி ஓரிரண்டு மீட்டர் நகர்த்தினாலே சில டெசிபல் மீளும். ஆன்டெனாவின் அலை குச்சியின் பக்கவாட்டில் பரவுகிறது, நுனியின் திசையில் மிகக் குறைவு. ஒரே தளத்துக்கு எல்லாவற்றையும் நேராக நிறுத்துங்கள். மேல் தளத்துக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கவையுங்கள்.

அடுத்து அலைவரிசை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். நடுவே காலியாகத் தெரிகிறதென்று 3-ஐயோ 8-ஐயோ தேர்ந்தெடுத்தால் இருபுறத்து இரைச்சலையும் சேர்த்து வாங்குவீர்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதே 2.45-ஐ ஒட்டித்தான், அது ஓடும்போது மட்டும் அறுகிறது என்றால் காரணம் வேறு தேட வேண்டாம். யுஎஸ்பி 3 கருவிகள் இதே பட்டையில் இரைச்சல் வீசுகின்றன என்று இன்டெல் 2012-இலேயே ஆய்வுக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. ரவுட்டரில் மாட்டிய ஹார்ட் டிஸ்க், மடிக்கணினியில் யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகிய வயர்லெஸ் மவுஸின் ரிசீவர், இரண்டும் இந்தப் பட்டியலில் வரும். மவுஸ் தாவித் தாவி ஓடினால் ரிசீவரை ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிளில் அரை மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு விசேஷமான அறுதல் உண்டு. உங்கள் கோளாறு இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் பல நாடுகளில் ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் பட்டை. ரவுட்டர் அங்கே ரேடாரை உணர்ந்தால், அல்லது உணர்ந்ததாக நினைத்தாலும், 10 விநாடிக்குள் சேனலைக் காலி செய்தாக வேண்டும் என்பது விதி. அதே பட்டையில் வேறு சேனலுக்குப் போனால் ஒலிபரப்பும் முன் 60 விநாடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வானிலை ரேடார் பட்டைக்கு ஐரோப்பிய விதிப்படி அது 10 நிமிடம். வீட்டில் பார்ப்பவருக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் ஒரு நிமிடம் மறைந்து தானே திரும்பி வருவதாகத் தெரியும், 2.4 அசையாமல் இருக்கும், அப்டைமும் மாறாது. சேனலை 36, 40, 44, 48-இல் ஒன்றாகக் கையால் அமைத்துவிடுங்கள். அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 80-ஆக்குங்கள். 36-இல் தொடங்கும் 160 அகலம் 64 வரை நீள்வதால், நீங்கள் 36 என்று அமைத்திருந்தும் ரேடார் பட்டைக்குள் கால் வைத்துவிடுகிறது. ஒற்றை நட்சத்திரக் கருத்துகளில் 'அவ்வப்போது ஒரு நிமிடம் காணாமல் போகிறது' என்று வருபவற்றில் ஒரு பகுதி இந்த ஒரு அமைப்பால் தீரக்கூடியது என்பது என் கணிப்பு.

பாதுகாப்பு வகையைச் சரிபாருங்கள். டபிள்யூபிஏ2-இல் டிகேஐபி என்ற பழைய மறையாக்க முறை இருந்தால் பல கருவிகள் 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது, ஏஇஎஸ்-க்கு மாற்ற வேண்டும். இரு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சோதனைக் காலத்துக்கு மட்டும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். கைபேசி பல நேரம் மெதுவான 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும்.

இடமாற்றியும் உள்ளறை -75-க்கு மேல் ஏறவில்லை என்றால்தான் இன்னொரு பெட்டி தேவை. அந்த அறைக்குக் கேபிள் இழுத்து அங்கே ஒரு அக்சஸ் பாயின்ட் வைப்பதே என்றைக்கும் சிறந்தது. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதுவே போதும். கேபிள் முடியாதபோது மெஷ், அதாவது வைஃபை வழியாகவே ஒன்றோடொன்று பேசும் பெட்டிகளின் தொகுப்பு. அதில் எல்லோரும் செய்யும் தவறு, துணைப் பெட்டியைச் சிக்னல் செத்த அறையிலேயே கொண்டுபோய் வைப்பது. செத்த சிக்னலை வாங்கி அதையே திருப்பி ஒலிபரப்பினால் என்ன கிடைக்கும்? முதன்மைப் பெட்டியின் சிக்னல் இன்னும் -60, -65 இருக்கும் பாதி வழியில் அதை வைக்க வேண்டும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே கொடுக்கும் சாதாரண ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

கணினியின் கார்டுக்கு வருவோம். மூன்றாவது சோதனையில், இரண்டு மீட்டரிலும் ஒரு மடிக்கணினி மட்டும் மெதுவாக இருக்க, கைபேசி வேகமாக ஓடினால் ரவுட்டர் குற்றவாளி அல்ல. இணைப்பு விவரத்தில் லிங்க் வேகத்தைப் பாருங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ், 80 அகலம், வைஃபை 5-இல் இரண்டு ஆன்டெனா கார்டு 866 காட்டும், ஒற்றை ஆன்டெனா கார்டு 433 காட்டும். உண்மையில் கையில் கிடைப்பது அதில் 50 முதல் 70 சதவீதம், அது இயல்பு. இரண்டு ஆன்டெனா கார்டு பக்கத்திலேயே 433 அல்லது அதற்கும் கீழே காட்டினால், சர்வீஸின்போது கழற்றிய ஆன்டெனா ஒயர் ஒன்று கார்டில் சரியாக மாட்டப்படாமல் இருக்கலாம். பொத்தான் போன்ற அந்தச் சிறு இணைப்பியை நேர் மேலிருந்து அழுத்த வேண்டும், சாய்த்து அழுத்தினால் உள்ஊசி வளைந்துவிடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுத் தொடும்போது அறுவது இதனால்தான். டிரைவரை மடிக்கணினி அல்லது சிப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள்.

கார்டையே மாற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இன்டெலின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை பாதி வேலையைப் பிராசசரிடம் விட்டுவிடும் வகை. அதற்கு ஆதரவுள்ள இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி கணினியில் போட்டால் கார்டு இருப்பதே தெரியாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை, பெரும்பாலான இடங்களில் ஓடும். 'செத்த கார்டை அனுப்பிவிட்டார்கள்' என்ற புகார்களில் ஒரு பங்கு இந்தக் குழப்பத்தால் வருவது. மேசைக் கணினிக்கு வேறு தொல்லை: ஆன்டெனாக்கள் இரும்புக் கூட்டின் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருக்கும். ஒயருடன் வரும் ஆன்டெனாவை மேசை மேலே கொண்டுவருவதே பாதி வைத்தியம்.

சோதனை எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும், வீட்டில் யாராவது புகைப்படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றும்போது மட்டும் அழைப்புகள் உடைகின்றனவா? அப்லோடு ஓடும்போது வெளிமுகவரி பிங்கைப் பாருங்கள். 20 மில்லிவிநாடியாக இருந்தது 300, 400 என்று ஏறினால், வெளியே போகக் காத்திருக்கும் தரவின் வரிசை நிரம்பி வழிகிறது. ரவுட்டரில் அந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதைப் போட்டு, வேக வரம்பை லைனின் 90 சதவீதம் அளவில் வையுங்கள். கொஞ்சம் உச்ச வேகம் போகும், அழைப்பு உடையாது. இந்த வசதி இருக்கிறதா என்பது, என்னைக் கேட்டால், அட்டைப்பெட்டியின் பெரிய எண்ணைவிட முக்கியம்.

அந்தப் பெரிய எண், பட்டைகளின் கூட்டுத்தொகை. ஏஎக்ஸ்3000 என்றால் 574-ம் 2402-ம் கூட்டி முழுமையாக்கியது. 2402 வேண்டுமென்றால் 160 அகலம் வேண்டும், உங்கள் கருவியிலும் அது இருக்க வேண்டும். ஒரு கைபேசி ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு பட்டையில்தான் பேசும்.

வாங்கியவர்களின் கருத்துகளைப் படிக்கும்போது, முதல் வாரத்தில் எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எழுதியவற்றைத் தேடுங்கள். 'ரேஞ்ச் இல்லை' என்பது பெரும்பாலும் அவர் வீட்டுச் சுவரைப் பற்றிய தகவல். 'ரீஸ்டார்ட் ஆகிறது', 'குறிப்பிட்ட ஃபர்ம்வேருக்குப் பிறகு கெட்டது' (ஃபர்ம்வேர் என்பது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்), 'அடாப்டர் போய்விட்டது' என்று ஒரே அறிகுறி பலரிடமிருந்து வந்தால் அது பெட்டியைப் பற்றிய தகவல். வன்பொருள் பதிப்பு எண்ணையும் பாருங்கள். ஒரே பெயர், ஒரே தோற்றம், உள்ளே வேறு சிப் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். புகழ்பெற்ற லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பில் நினைவகம் 16 மெகாபைட்டிலிருந்து 8-ஆகவும் ஃபிளாஷ் 4-இலிருந்து 2-ஆகவும் குறைந்தது. பெயர் மாறவில்லை. பழைய பதிப்புக்குக் கிடைத்த பாராட்டைப் படித்து வாங்கியவருக்குக் கிடைத்தது வேறு பெட்டி. உண்மையான வடிவமைப்புப் பிழைகளும் உண்டு. 2020-ஐ ஒட்டி வந்த மதர்போர்டுகளில் இன்டெலின் ஐ225 என்ற 2.5 ஜிகாபிட் லேன் சிப்பின் ஆரம்பப் பதிப்புகள் சில ரவுட்டர், சுவிட்சுகளோடு அந்த வேகத்தில் தரவுப் பொட்டலங்களைத் தவறவிட்டன. 1 ஜிகாபிட்டுக்கு இறக்கினால் சரியாகிவிடும். அந்தக் கணினி உள்ளவர்களில் பலர் ரவுட்டரைத்தான் மாற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சோதனையெல்லாம் முடிந்து, நல்ல அடாப்டருடனும் புது ஃபர்ம்வேருடனும், கேபிளில் சோதித்தும் ரவுட்டரே விழுகிறது என்று உறுதியானால் தயங்காமல் உத்தரவாதத்தில் மாற்றுங்கள். ஃபர்ம்வேரை வைஃபை வழியாக ஏற்றாதீர்கள், கேபிளில் ஏற்றுங்கள், முடியும் வரை மின்சாரத்தைத் தொடாதீர்கள். அதன்பின் ஒருமுறை ஃபாக்டரி ரீசெட் செய்து, பழைய அமைப்புக் கோப்பை ஏற்றாமல் கையால் அமைத்துப் பாருங்கள். பழுதான அமைப்பைப் புது மென்பொருளில் திணித்துவிட்டு அதையும் குறை சொல்லக்கூடாது. புகாரில் பதிப்பு எண், ஃபர்ம்வேர் எண், நான்கு வேக எண்கள், விழுந்த தேதி நேரம், அப்டைம் படம் ஆகியவற்றை இணையுங்கள். பெட்டியை ஒப்படைக்கும் முன் ரீசெட் ஊசியைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். உங்கள் இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள்தான் இருக்கின்றன.